முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழு

பரதராமியில் டீ விலையை
இரண்டு மொழியில் எழுதியிருப்பார்கள்.
சித்தூர் ரோட்டில் அரை கிலோமீட்டர் நடந்தால்
பலராம நாயுடு எடைமேடை.
தொண்ணூற்றைந்தில் அதற்குப் புரோகிராம் எழுதியவன் நான்.
பிளாப்பியை டிபன் பாக்ஸுக்கும் சட்டைக்கும் நடுவே வைத்து
குடியாத்தம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

அப்போது நினைவகம் ஹாஸ்டல் சர்க்கரை மாதிரி,
அளந்துதான் கிடைக்கும்.
ஓர் எழுத்துக்கு மேல் பெயர் வைத்தால் ஊதாரி.
டபிள்யூ என்றால் எடை, டி என்றால் வெறும் வண்டி,
இசட் என்னவென்று இன்று எனக்கே தெரியாது.
விளக்கக் குறிப்பு எழுதுகிறவன் கோழை.
கோடு போட்ட தாளில் பென்சிலால் முழுசாக ஓட்டிப் பார்த்த பிறகே
கீபோர்டைத் தொடுவேன்;
சென்டரில் மணிக்கு நாற்பது ரூபாய்.

எடைக்கு இரண்டு பைட் போதும் என்று முடிவு செய்தேன்.
இரண்டு பைட்டில் 32,767 வரை போகலாம்.
இந்த ரோட்டில் எந்த லாரி முப்பத்திரண்டு டன் இருக்கும்?
கேட்டுவிட்டு நானே சிரித்த ஞாபகம்.

பதினான்கு சக்கர லாரிகள் பிறகு வந்தன.

நடுவில் சில வருஷங்கள்
பிறர் எழுதியதைத் தேடி எடுத்து ஒட்டினேன்.
ஓடினால் போதும், ஏன் ஓடுகிறது என்று
கேட்காமலிருக்கப் பழகினேன்.
சம்பளம் அப்போதுதான் ஏறியது.

போன வாரம் நாயுடுவின் மகன் கூப்பிட்டான்.
"கம்ப்யூட்டர் செத்துப்போச்சு சார்,
புதுசுல உங்க புரோகிராம் ஏற மாட்டேங்குது."
இத்தனை வருஷமா ஓடியது என்று கேட்டேன்.
பெருமையாகத்தான் கேட்டேன்.

அறைக்குள் ரெட்டெம்மா.
வெளியே கிளிமூக்கு மாங்காய் லாரிகள்
கூழ் பேக்டரிக்குப் போகும் வரிசையில் வெந்துகொண்டிருந்தன.
சுவரில் வெங்கடாசலபதிக்குப் பக்கத்தில்
பச்சை பெயின்டில் ஓர் எண்: 65536.

"இது என்ன?"
"பெரிய பண்டி வந்தா மைனஸ் காட்டும். இதைக் கூட்டணும்."
"யார் சொன்னது?"
"எவரு சொல்வாங்க? அதே பண்டியை எதிர் மேடையிலும் ஏத்தச் சொன்னேன்.
பன்னெண்டு பண்டி. நோட்டில எழுதினேன்.
வித்தியாசம் எப்பவும் இதே."

மைனஸ் 24,286. கூட்டினால் 41,250.
கால்குலேட்டரைத் தட்டி, பில்லைப் பேனாவால் திருத்தி,
சீல் குத்தி,
பதினோரு வருஷம்
நான் மிச்சம் பிடித்த இரண்டு பைட்டை
அவள் சுமந்திருக்கிறாள்.

"எழுதினவன் மட்டும் கையில கிடைச்சா" என்று ஆரம்பித்து
நிறுத்திக்கொண்டாள்.
நான் டீயைப் பார்த்துக் குடித்தேன்.

புதியதை நான் எழுதவில்லை.
தமிழிலேயே நாலு வாக்கியம் தட்டினேன்;
டீ ஆறுவதற்குள் அது எழுதி முடித்தது.
எல்லாவற்றுக்கும் முழுப்பெயர், வரிக்கு வரி விளக்கம்,
கடலைத் தூக்கி மேடையில் வைத்தாலும் தாங்கும் எண்கள்.
தப்பைச் சொன்னால் மன்னிப்புக் கேட்கிறது.
அந்தப் பழக்கம் எனக்கு இருந்ததில்லை.

அச்செடுத்துப் பென்சிலோடு உட்கார்ந்தேன்.
பத்தாவது வரியிலேயே
கண் நம்பத் தொடங்கிவிட்டது.

ரெட்டெம்மா நம்பவில்லை.
ஒரு லாரியின் முன்சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றச் சொன்னாள்.
திரை நிதானமாக ஓர் எடையைக் காட்டி
பில் அடிக்கட்டுமா என்று கேட்டது.
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் அதனிடம் சொன்னேன். அது மன்னிப்புக் கேட்டது.
இப்படி இரண்டு தடவை.

மூன்றாவது வண்டி முழுசாக ஏறி நின்றது.
38,640. எண் அசையவில்லை.
பையை எடுத்துத் தோளில் மாட்டினேன்.
அவள் ஜன்னலில் தலையை நீட்டி,
"ஒரேய், இத்தரூ திகண்ட்ரா!"
டிரைவரும் கிளீனரும் முணுமுணுத்தபடி குதித்தார்கள்.
38,510.

பிறகு நோட்டைத் திறந்து தேதி போட்டாள்.
நடுவில் கோடு கிழித்து
இந்தப் பக்கம் திரையின் எண்ணை எழுதினாள்,
அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டாள்.
"எதிர் மேடைக்குப் பன்னெண்டு பண்டி போய் வரட்டும்.
அப்புறமா பணம் வாங்கிக்கோ."